வானிலை சொன்னவர் நூலும் எழுதட்டும்

“மத்திய, சப்ரகமுவ, ஊவா மாகாணங்களில் பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்.”

மலைநாட்டில் வாழும் எந்தச் சகோதரியும் இந்த வாக்கியத்தை ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பார். ரேடியோவில் இது காதில் விழுந்ததும் கை தானாகவே துணிக்கொடியை நோக்கிப் போகும். பாயில் பரத்திய மல்லி, குடை கொண்டுபோகாத பிள்ளை என்று நினைவு ஓடும். மழை பெய்துவிட்டால் சொன்னவரை நாம் மறந்துவிடுகிறோம். பெய்யாமல் விட்டாலோ அன்று முழுதும் அவரைப் பற்றித்தான் பேச்சு!

அந்தக் குரலுக்குரியவர் யார்? இருபது முப்பது ஆண்டுகள் வானத்தையும் கணக்கையும் பார்த்து நமக்குச் செய்தி சொன்னவர் ஓய்வு பெற்று வீட்டுக்குப் போனதும் அவர் அறிந்தவையெல்லாம் எங்கே போகின்றன? அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் மறுநாள் அஸருக்குள் பழையதாகிவிடும். ஆனால் அந்த வார்த்தைகளுக்கு அடியில் கிடக்கும் அறிவு பழையதாவதில்லை. அதை அவர் ஒரு நூலாக்கினால் என்ன? பிற நாடுகளில் ஆக்கியிருக்கிறார்கள். நமக்குத்தான் அது இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

பெரகலச் சந்தியில் கொழும்பிலிருந்து வரும் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மேலே ஏறி அப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலிஎல போகிறது. மற்றது கொஸ்லந்தை வழியாக வெல்லவாய்க்கு இறங்குகிறது. சந்தியில் பனிமூட்டம் வந்து குந்தினால் பத்து யார் தூரத்தில் நிற்கும் பஸ் தெரியாது. அதே நேரம் பண்டாரவளையில் வெயில் எறிக்கும். கீழே வெல்லவாயில் மண் வெடித்துக் கிடக்கும். அப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1400 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வெல்லவாய் அடிவாரத்துச் சமதரை. பதுளை மாவட்டம், மொனராகலை மாவட்டம் இரண்டும் சேர்ந்ததே ஊவா மாகாணம். ரேடியோவோ “ஊவா மாகாணம்” என்ற ஒரே சொல்லில் இவ்வளவையும் சொல்லி முடிக்கிறது. இரண்டு மூன்று நிமிடத்தில் முழு நாட்டுக்கும் சொல்லவேண்டியவர் வேறென்ன செய்வார்? அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. ரேடியோவில் சொல்ல இடமில்லாததைச் சொல்லத்தான் நூல் இருக்கிறது.

இது வெறும் ஆசையல்ல சகோதரிகளே. 2014 ஒக்டோபர் 29-ஆம் திகதி புதன்கிழமை காலை. பெரகலயிலிருந்து இறங்கும் அந்தப் பாதையை அண்டிய கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தது. லயன்களும் அவற்றில் இருந்தவர்களும் மண்ணுக்குள் போனார்கள். காலையில் பாடசாலைக்குப் போன பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005-இலும் 2011-இலும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்ததாகப் பின்னர் வெளிவந்தது. அறிவிப்பு கடதாசியில் இருந்தது. அடுப்படியில் நின்ற தாய்க்கு அது எட்டவில்லை. எட்டியிருந்தாலும் போக வேறு இடம் இல்லாதவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் எதற்கு அஞ்சவேண்டும் என்று தெரிந்தவர் ஓர் இரவாவது உறவினர் வீட்டில் போய்ப் படுத்திருப்பார்.

மறைவான ஞானமா?

நம் வீடுகளில் இன்னும் ஒரு சந்தேகம் உண்டு. “நாளைக்கு மழை வரும் என்று மனிதன் சொல்லலாமா? மறைவானவற்றை அறிபவன் அல்லாஹ் ஒருவனல்லவா?” என்று வயதான உம்மாமார் கேட்பார்கள். ஈமானிலிருந்து பிறக்கும் கேள்வி, சிரித்து ஒதுக்கக்கூடாது. பதில் இலகுவானது. மேகம் கறுத்திருப்பதைப் பார்த்துக் குடையை எடுப்பவர் மறைவான ஞானத்தை உரிமை கொண்டாடுவதில்லை. வானிலை அதிகாரியும் அதையே பெரிய கருவிகளோடு செய்கிறார். காற்றின் அழுத்தம், ஈரப்பதன், செய்மதிப் படம் ஆகிய அறிகுறிகளைக் கொண்டு கணிக்கிறார். அதனால்தான் “பெய்யும்” என்னாமல் “பெய்யக்கூடும்” என்கிறார். அந்தக் “கூடும்” என்ற சொல்லில் ஒரு பணிவு இருக்கிறது. அதை நாம் கவனிப்பதில்லை.

இந்தப் பணிவை முதலில் நூலில் எழுதியவர் ஓர் ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி. ரொபர்ட் ஃபிட்ஸ்ரோய் என்பது பெயர். 1859 ஒக்டோபரில் ‘றோயல் சார்ட்டர்’ என்ற கப்பல் புயலில் சிக்கி நொறுங்கி 400-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தத் துயரத்தின் பின் கரையோரத் துறைமுகங்களுக்குத் தந்தி மூலம் புயல் எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாட்டை அவர் 1861-இல் தொடங்கினார். அதே ஆண்டு ஓகஸ்ட் முதலாம் திகதி லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகையில் பொதுமக்களுக்கான முதலாவது வானிலை முன்னறிவிப்பு வெளிவந்தது. பலித்தால் சும்மா இருந்தார்கள், பலிக்காவிட்டால் கேலி செய்தார்கள். அன்றும் இன்றும் சனங்கள் ஒன்றுதான்! அவர் வானிலை பற்றி எழுதிய நூல் 1863-ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்தது. தாம் சொல்வது தீர்க்கதரிசனமன்று, அறிகுறிகளிலிருந்து பெற்ற கருத்து மட்டுமே என்பதை அதில் அவர் தெளிவாக விளக்கியிருந்தார். அன்றாடம் வானிலை சொன்ன முதல் மனிதரே நூலாசிரியராகவும் ஆனார் என்பதை நினைவில் வையுங்கள்.

உண்மையில் இந்தப் பழக்கம் அவருக்கும் முந்தியது. பருவக் காற்றைக் குறிக்கும் ‘மொன்சூன்’ என்ற ஐரோப்பியச் சொல்லே நமது ‘மவ்ஸிம்’ என்ற அறபுச் சொல்லிலிருந்து போனதுதான். பாலைவனத்து அறபிகள் நட்சத்திரங்கள் உதிப்பதையும் மறைவதையும் வைத்து மழைக் காலங்களைக் கணக்கிட்டார்கள். நட்சத்திரமே மழை தருகிறது என்ற பழைய நம்பிக்கையை இஸ்லாம் விலக்கியது. ஆனால் காலத்தை அறியும் அந்தக் கணக்கை அறிஞர்கள் வீணாக்கவில்லை. ஹிஜ்ரி 276-இல் மறைந்த இப்னு குதைபா அதைத் தொகுத்து ‘கிதாபுல் அன்வா’ எழுதினார். வாய்வழியாகத் திரிந்தது ஏடாகியது. 1956-இல் ஹைதராபாத்தில் அது அச்சிலும் வந்தது.

அவருக்குப் பல நூற்றாண்டுகளின் பின் வந்த அஹ்மத் இப்னு மாஜித் இன்னும் நமக்கு நெருக்கமானவர். மாலுமி. எந்தக் காற்று எந்த நாளில் எழும், எந்தத் துறைமுகத்திலிருந்து எந்தத் திகதிக்குப் பின் பாய் விரிக்கக்கூடாது என்று கப்பல்காரருக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர். 1490-ஐ அண்டி ‘கிதாபுல் ஃபவாயித்’ என்ற பெருநூலை எழுதினார். பல பாடங்களை மாலுமிகள் மனனம் செய்வதற்காகப் பாட்டாகவே யாத்தார். படிக்காத கப்பல்காரனுக்கும் எட்டவேண்டும் என்ற கவலை அவருக்கு இருந்தது. இன்றைய வானிலை எழுத்தாளருக்கும் அந்தக் கவலை வேண்டும்.

ஒரு புயல், மூன்று நூல்கள்

அமெரிக்காவின் தெற்குக் கரையில் கல்வெஸ்டன் என்றொரு தீவு நகரம். அங்கே வானிலை அதிகாரியாக இருந்தவர் ஐசக் கிளைன். பெரும் புயல் அந்த நகரத்தை அழிக்கும் என்று அஞ்சுவது வீண் மயக்கம் என 1891-இல் உள்ளூர்ப் பத்திரிகையில் அவர் எழுதினார். சனங்கள் நம்பினார்கள். அதிகாரி சொல்வதை நம்பாமல் வேறு யாரை நம்புவது? 1900 செப்டெம்பர் 8-ஆம் திகதி புயல் வந்தது. ஆறாயிரத்துக்கும் குறையாத மக்கள் ஒரே இரவில் மாண்டனர். அமெரிக்க வரலாற்றில் அதைவிட அதிக உயிர் குடித்த இயற்கை அனர்த்தம் இல்லை. மாண்டவர்களில் கிளைனின் மனைவியும் ஒருவர்.

அதன்பின் அந்த மனிதர் புயல் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். 1926-இல் புயல்களைப் பற்றி ஒரு ஆய்வு நூல். 1945-இல், முதுமையில், தன் வாழ்க்கை வரலாறு. அன்றைய தினம் கடற்கரையோரமாகப் போய்த் தாமே மக்களை எச்சரித்ததாக அதில் எழுதியிருக்கிறார். அது முழுமையாக நம்பத்தக்கதா என்று பின்வந்தவர்கள் ஐயம் எழுப்பினார்கள். எரிக் லார்சன் என்ற பத்திரிகையாளர் 1999-இல் அவரை நடுவில் வைத்தே ஒரு நூல் எழுதினார். பின்னர் 2015-இல் அதே புயலைப் பற்றி இன்னொரு நூல் வந்தது. எழுதியவர் அல் றோக்கர். அமெரிக்கத் தொலைக்காட்சியில் காலை நேர வானிலை சொல்லிப் பெயர் பெற்றவர்!

115 ஆண்டுகளுக்கு முந்திய புயலை ஒரு தொலைக்காட்சிக்காரர் ஏன் எடுத்தார்? அன்றாடம் “நாளை, நாளை” என்று சொல்லிக்கொண்டிருப்பவருக்கு நேற்று நடந்தவற்றின் அருமை தெரியும். மேகப் படத்தை விளங்கியவருக்குப் பழைய ஏடுகளில் உள்ள காற்றழுத்தக் கணக்கும் விளங்கும். சாதாரண எழுத்தாளர் பல மாதம் படித்து அறியவேண்டியதை அவர் தொழிலிலேயே அறிந்திருக்கிறார். தொழில் தந்த மூலதனம் என்று இதைச் சொல்லலாம்.

பிரிட்டனின் பி.பி.சி. வானிலைக்காரர் இயன் மக்காஸ்கில், போல் ஹட்சன் என்ற சக வானிலைக்காரருடன் சேர்ந்து அந்நாடு உறைந்துபோன கடுங்குளிர் ஆண்டுகளைப் பற்றி 2006-இல் நூல் வெளியிட்டார். அமெரிக்காவின் ஜிஞ்சர் ஸீ என்ற பெண்மணி, வெளியே புயல்களைச் சொல்லிக்கொண்டே தன் மனத்துக்குள் அனுபவித்த மன அழுத்த நோயைப் பற்றி 2017-இல் துணிந்து எழுதினார். மறு ஆண்டு சிறுமிகளுக்காக வானிலைக் கதைத் தொடர் ஒன்றையும் தொடங்கினார். கரோல் கேர்க்வுட் என்ற பி.பி.சி. வானிலைப் பெண்மணி 2021-இல் காதல் நாவல் எழுத ஆரம்பித்தார். அது நம் வீட்டு அலுமாரிக்குத் தேவையில்லை. ஆனாலும் ஒன்றைக் காட்டுகிறது. பல ஆண்டுகளாக வீட்டுக்குள் கேட்ட குரலுக்கு வாசகர் ஏற்கெனவே காத்திருக்கிறார்கள். புதிய எழுத்தாளருக்குக் கிடைக்காத பெரும் வாய்ப்பு இது. அந்த வாய்ப்பை எதற்குப் பயன்படுத்துவது என்பது அவரவர் பொறுப்பு.

நம்மவர் நிலை

தமிழ்நாட்டில் வானிலைக் குரல் என்றதும் எஸ்.ஆர். ரமணனின் பெயர்தான் நினைவுக்கு வரும். சென்னையில் புயல் எச்சரிக்கை மையத்தின் இயக்குநராக இருந்து 2016 மார்ச்சில் ஓய்வு பெற்றவர். அவர் தொலைக்காட்சியில் தோன்றினால் நாளை பாடசாலை விடுமுறையா என்று பிள்ளைகள் காத்திருப்பார்கள். ஓர் அரச அதிகாரி, எளிய தமிழில் நிதானமாகப் பேசியே வீட்டுக்கு வீடு உறவினர்போல் ஆனார்.

நமது நாட்டிலே கொழும்பு வானாய்வு நிலையம் 1907-இலிருந்து வானத்தைக் கணக்கெடுக்கிறது. வளிமண்டலவியல் திணைக்களம் 1948-இல் உருவானது. அங்கே கடமையாற்றிய தமிழ் பேசும் அதிகாரிகள் பலர், முஸ்லிம்கள் உட்பட, நமக்குத் தமிழில் வானிலை சொல்லியிருக்கிறார்கள். இலங்கை வானொலியின் அறிவிப்பாளர்கள் நூலாசிரியர்களாவது புதிதுமல்ல. பி.எச். அப்துல் ஹமீத் பல பத்தாண்டுகள் ஒலிவாங்கிக்கு முன் இருந்தபின் ‘வானலைகளில் ஒரு வழிப்போக்கன்’ என்று தன் அனுபவங்களை நூலாக்கினார். ஒலிபரப்பாளர் அஷ்ரஃப் சிஹாப்தீன் கவிதை, சிறுகதை, மொழிபெயர்ப்பு என்று பல நூல்கள் தந்திருக்கிறார். வானலையில் பேசியவர்கள் ஏட்டில் எழுதிய பாதை நம்மிடம் இருக்கிறது. வானிலை சொன்னவர்களும் அதே பாதையில் நடக்கலாம்.

பெரகலக்குக் கிட்டிய ஹல்துமுல்லையில் ஊவா சமூக வானொலி அமைக்கப்பட்டபோது, ஊருக்குள்ளேயே நின்று ஊரின் வானத்தைப் பேச ஒரு வழி பிறந்தது. அத்தகைய நிலையத்தில் குரல் கொடுத்த ஓர் இளைஞனோ யுவதியோ இந்த வேலையைத் தொடங்கலாம். பெரிய பட்டம் தேவையில்லை. கணக்கு விடயத்தில் தெரிந்தவரிடம் கேட்டுத் திருத்திக்கொண்டால் போதும்.

எப்படித் தொடங்குவது?

முதலில் ‘நாளை’ என்ற சொல்லைக் கைவிட வேண்டும். ரேடியோவில் உயிரான சொல் அது. நூலிலே செத்த சொல். இன்று வாசிப்பவருக்கும் பத்து வருடம் கழித்து வாசிப்பவருக்கும் ‘நாளை’ ஒன்றாகுமா? அந்த இடத்தில் திகதி வரவேண்டும். “பலத்த காற்று வீசக்கூடும்” என்பது அறிவிப்பு. “1978 நவம்பர் 23-ஆம் திகதி இரவு மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியது” என்பது நூலின் வாக்கியம். ஆகவே இப்போது கடமையில் இருப்பவர் ஒவ்வொரு நாளும் தான் சொன்னதை ஒரு கொப்பியில் எழுதி, மறுநாள் நடந்ததைப் பக்கத்திலேயே குறித்துவைக்க வேண்டும். பலித்தது எது, பிசகியது எது என்று ஐந்து வருடம் எழுதினால் பாதி நூல் கையில் இருக்கும். அரச சேவையில் உள்ளவர் கடமை சார்ந்த விடயங்களை வெளியிட அனுமதி பெறவேண்டும். அதற்காகப் பலர் ஓய்வு வரை காத்திருக்கிறார்கள். காத்திருக்கட்டும், ஆனால் கொப்பியைக் காத்திருக்க விடக்கூடாது. ஞாபகம் நம்பத்தக்கதல்ல என்பதற்குக் கிளைனின் கதையே போதும்.

அடுத்தது சொல். அறபியில் மழைக்கு ‘மதர்’ என்றும் ‘கைஸ்’ என்றும் சொற்கள் உண்டு. ஏங்கிக் கிடந்த மண்ணுக்கு அருளாக வருவதே கைஸ். தமிழிலும் இந்தச் செல்வம் குறைவில்லை. தூறல், சாரல், அடைமழை, பனி, மூட்டம். வாடை, சோளகம், கச்சான். ஆனித் தொடக்கம் மலையைத் தாண்டி ஊவாவில் இறங்கும் காய்ந்த கச்சான் காற்றை நம் தாய்மார் உதட்டு வெடிப்பிலேயே அறிவார்கள். தென்மேல் பருவக் காற்று நாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து இந்தப் பக்கம் வருவதால்தான் அப்படி. நமக்குப் பெருமழை ஒக்டோபர், நவம்பரிலும் அதைத் தொடரும் வாடைக் காலத்திலும்தான். மீரியபெத்தை சரிந்த மாதத்தை இப்போது நினைத்துப் பாருங்கள். இதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் எந்தப் பெண்ணுக்கு விளங்காது?

பிறகு அளவு. “75 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை” என்று ரேடியோ சொல்கிறது. அது எவ்வளவு? யாராவது நமக்கு விளக்கியதுண்டா? ஒரு சதுர மீற்றர் தரையில் ஒரு லீற்றர் தண்ணீர் நின்றால் அது ஒரு மில்லிமீற்றர். 10 அடிக்கு 12 அடி உள்ள ஒரு லயன் காம்பராக் கூரையில் 75 மில்லிமீற்றர் பெய்தால் 800 லீற்றருக்கு மேல் தண்ணீர் விழுந்திருக்கிறது. ஒரு காம்பராக் கூரைக்கே இவ்வளவு என்றால் முழு மலைக்கும் எவ்வளவு! தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்குக் கணிக்கும் படிகள் இவை: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம். ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலும் வெளியேறத்தான் வேண்டும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று நிறம் கொடுத்திருக்கிறார்கள்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள, நேர்ச் சுவருள்ள கண்ணாடிப் போத்தல் ஒன்று போதும். மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் வைத்து, பிள்ளையின் அடிமட்டத்தால் அளந்தால் ஏழரை சென்றிமீற்றர்தான் அந்த 75. நூலில் இதற்குப் படம் வேண்டும். கூடவே சரிவின் அடையாளங்களும் வேண்டும். சுவரிலோ தரையிலோ புதிய வெடிப்பு. நேராக நின்ற மரமும் மின்கம்பமும் சாய்தல். கதவு திடீரென்று இறுகுதல். இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புதல், இருந்த ஊற்று கலங்குதல் அல்லது வற்றுதல். இவற்றை முதலில் காண்பவர் யார்? தோட்ட அதிகாரியா, கிராம சேவகரா? வீட்டைக் கூட்டிப் பெருக்கித் தண்ணீர் அள்ளும் பெண்தான்.

ஆகவே இந்த நூலின் பாதி, பெண்களிடம்தான் இருக்கிறது. எழுதப்போகிறவர் கருவிகளின் கணக்கோடு நில்லாமல் உம்மும்மாமாரிடம் போய் உட்கார வேண்டும். “பெரிய மழை வருசத்தில் பிறந்த பிள்ளை” என்று அவர்கள் சொல்வார்கள். அந்தப் பிள்ளையின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைப் பார்த்தால் மழையின் திகதி கிடைத்துவிடும். எந்த ஊற்று எப்போது இடம் மாறியது, எந்தப் பாதை எத்தனை தடவை அடைபட்டது என்பதெல்லாம் அவர்களுக்குப் பாடம். அவர்கள் போனபின் கேட்க ஆளில்லை.

2025 நவம்பர் 28-ஆம் திகதி டித்வா சூறாவளி கரை கடந்தபோது மலைநாடு பட்டதை நாம் எல்லோரும் அறிவோம். நாடு முழுதும் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களின் மலைகள் எத்தனையோ இடங்களில் சரிந்தன. அந்தப் பெயர் யெமன் நாடு கொடுத்தது. ஸுகுத்ரா தீவில் உள்ள ஒரு கடற்காயலின் பெயர். அழகிய இடத்தின் பெயர் இனி நமக்கு அழுகையைத்தான் நினைவூட்டும். அந்த நாட்களில் தமிழில் எச்சரிக்கைகள் உரிய வேளையில் போதிய அளவு வரவில்லை என்ற குறை பரவலாக எழுந்தது. வேளைக்கு வரும் எச்சரிக்கை தமிழில் வருவதைக் கேட்டுப் பெறுவது நமது உரிமை. வந்த எச்சரிக்கையை விளங்கிக்கொள்ளும் அறிவோ ஒரே நாளில் வராது. மழையில்லாத மாதங்களில், சோறு வெந்துகொண்டிருக்கும் நேரத்தில் படித்து வைத்திருக்க வேண்டும்.

அச்சில் வர வழி

எழுதியாகிவிட்டது, யார் அச்சிடுவார்? நம் நாட்டில் தமிழ் நூலாசிரியர் பெரும்பாலும் தன் கைப்பணத்தைத்தான் போடுகிறார் என்பது தெரிந்த சங்கதி. ஆனாலும் கதவுகள் உண்டு. தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் சர்வதேச நூல் இலக்கம் பெறலாம். நூலாசிரியர்களுக்கு உதவும் வெளியீட்டுத் திட்டமும் அங்கே நடந்து வந்திருக்கிறது. முதல் நூல் எழுதுவோருக்கென்றே புரவலர் ஹாசிம் உமரின் ‘புரவலர் புத்தகப் பூங்கா’ பல நூல்களை வெளியிட்டிருக்கிறது. கண்டிக்கு அப்பால் உள்ள ஒரு கிராமத்தின் பெயரைத் தாங்கிய கல்ஹின்னைத் தமிழ் மன்றத்தின் பெயரால் எஸ்.எம். ஹனிபா எத்தனை நூல்களைக் கொண்டுவந்தார்! பெரகல அதைவிடப் பட்டணத்துக்கு எட்டாத இடமல்ல. அச்சிட்ட பின் ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்கும் கொடுத்தால் அவர்கள் மின்வடிவில் பாதுகாத்து உலகெங்கும் படிக்க வைப்பார்கள். 2005 முதல் அவர்கள் இந்தச் சேவையைச் செய்து வருகிறார்கள்.

எழுத முன்வருபவருக்கு ஒரு வேண்டுகோள். முந்நூறு பக்கத்தில் வரவேண்டாம். விழா மேடையில் பொன்னாடை போர்த்த உதவும்; குசினிக்கு உதவாது. நூறு பக்கம் போதும். மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்திலும் தெரியும்படி எழுத்துப் பெரிதாக இருக்கட்டும். முதல் பக்கத்திலேயே மூன்று நிறங்களும் மூன்று அளவுகளும். வெளியேறும்போது எடுக்கவேண்டியவை பின் அட்டையில்: அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரம், மருந்து, டோர்ச். நனையாத உறை போட்டு, மூலையில் ஒரு துளையும் இட்டால் அடுப்படிச் சுவரில் ஆணியில் தொங்கவிடலாம். கடைசிப் பன்னிரண்டு பக்கங்களை எழுதாமல் கோடு மட்டும் போட்டு விடுங்கள். மாதத்துக்கு ஒரு பக்கம். அன்றன்று போத்தலில் கண்ட மழையை வீட்டுப் பெண் அதில் எழுதிக்கொள்வாள்.